மயிலன் கொடுத்த குரல்

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து உப்புக் காற்று தொடங்கும் ஓரத்தில், மயிலன் என்று ஓர் ஆண்குதிரை. அவன் காதுக்குள் ஒரு சத்தம் வெகுகாலமாகக் குடியிருந்தது.

அது அவனுடைய தகப்பனின் குரல். மயிலன் சின்னக் குட்டியாக இருந்தபோது, ஒரு மழைக்கால விடியலில், கடல் எழும்பிக் காட்டுக்குள் வந்தது. அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து அந்தக் குரல் எழுந்தது. காய்ந்த துணியைக் கிழிப்பதுபோலத் தொடங்கி, மேட்டிலிருந்து கல் உருளுவதுபோல முடிந்தது. ஒரே ஒரு தடவைதான். கூட்டம் முழுவதும் மேட்டுக்கு ஓடிப் பிழைத்துக்கொண்டது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் தகப்பனைக் காணவில்லை. குரல் மட்டும் மயிலனிடம் தங்கிவிட்டது.

"அப்படி ஒரு குரல் என் தொண்டையில் இருக்கிறதா?"

வளர்ந்து பெரியவனான பிறகும் இந்தக் கேள்வி அவனை விடவில்லை. அவன் யாரிடமும் கேட்டதில்லை. வெளியே சொல்லக்கூடிய கேள்வியா அது?

மழை மேகத்தின் சாம்பல் நிறம் அவனுக்கு; மயிலை நிறம் என்பார்கள். அதனால்தான் மயிலன் என்ற பெயர். மற்ற ஆண்குதிரைகள் ஒரு துண்டு நிழலுக்குக்கூடக் கடித்துக்கொள்ளும். மயிலனோ, பாதையில் ஓர் ஆமை குறுக்கே போனால், அது கடந்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பான். மைனாக்கள் அவன் முதுகில் உட்கார்ந்து குடும்பச் சண்டை போடும். அவன் தோலைச் சிலிர்த்துக்கூட விரட்டமாட்டான்.

அவனோடு செவலை என்ற பெண்குதிரை இருந்தாள். செம்மண் நிறம், நீண்ட வால், அதைவிட நீண்ட நாக்கு.

"ஏங்க, அந்த முள்ளம்பன்றி நிழல்ல படுத்துக்கிட்டு உங்களை வெயில்ல நிக்க வெச்சிருக்கே, கேக்க மாட்டீங்களா?"

"தூங்குது, பாவம்."

"நல்லாத் தூங்கட்டும். எழுந்ததும் காலையும் அமுக்கி விடுங்க."

இப்படிப் பேசுவாளே தவிர, அவனைத் தேடி வந்தவள் அவள்தான். முன்பு அவள் இருந்த கூட்டத்தில், தலைவன் கடித்த தழும்பு அவள் கழுத்தில் இன்னும் இருந்தது. மயிலனின் பக்கத்தில் மேயும்போது அவள் காதுகள் தளர்ந்து தொங்கும். அதைப் பார்த்தால் போதும், அவள் மனது தெரிந்துவிடும்.

பங்குனியில் அவர்களுக்கு ஒரு பெண்குட்டி பிறந்தது. நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு. பெயரும் பொட்டு என்றே நிலைத்துவிட்டது. கால்கள் நிலைப்பட்ட மறுநாளே அவள் மயிலனின் வாலை மென்றாள். அவன் படுத்தால் மேலே ஏறிக் குதித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு மிதிபட்டுக் கிடந்தான்.

குதிரைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. ஆபத்து வந்தால் பெண்குதிரை முன்னால் ஓடும். வழி தெரிந்தவள் அவள். குட்டி நடுவில் ஓடும். ஆண்குதிரை கடைசியில், தலையைத் தரையோடு தாழ்த்தி, காதுகளை மடக்கி, அந்தக் குரலைக் கொடுத்துத் துரத்திக்கொண்டு வரும். குரல் கேட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. நிற்கக் கூடாது. திரும்பிப் பார்க்கவே கூடாது. திரும்பிப் பார்க்கிற குட்டி இடறும். இடறிய குட்டி பிழைக்காது.

பால் கொடுக்கும்போதெல்லாம் செவலை இதைப் பொட்டுவுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"அப்பா குரல் குடுத்தா என்ன செய்வே?"

"ஓடுவேன்."

"எந்தப் பக்கம்?"

"உன் வால் போற பக்கம்."

"திரும்பிப் பார்ப்பியா?"

"மாட்டேன். அம்மா, உன் வால் கண்ணுக்குத் தெரியலைன்னா?"

"அதெப்படித் தெரியாமப் போகும்? அவர் பின்னால இருந்தா நான் முன்னால இருப்பேன். வாயை மூடிட்டுக் குடி."

"வாயை மூடினா எப்படிம்மா குடிக்கிறது?"

மயிலன் கனைத்துச் சிரித்தான். செவலை அவன் பக்கம் திரும்பினாள்.

"சிரிக்கிறீங்க. உங்களுக்கு வரும்ல, அந்தக் குரல்?"

"வேணும்னா வரும்."

"வரணும்," என்றாள் செவலை. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். மயிலன் விடவில்லை. அன்று வெகுநேரம் புல்லை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் நின்றான்.

வெயில் காலம் வந்தது. காட்டுக் குளம் வற்றி, அடியில் மீன் செதிலும் வெடித்த மண்ணும் மிஞ்சின.

காட்டுக்குக் கிழக்கே ஒரு வெள்ளைத் திடல் இருந்தது. மழைக்காலத்தில் அது கடல்நீர் புரளும் கழி. கோடையில் தண்ணீர் வடிந்து, உப்புப் பூத்து, பாலின் மேல் ஆடை படிவதுபோல ஒரு பொருக்கு படிந்திருக்கும். பார்த்தால் ஓடி விளையாடத் தோன்றும். அதன்மேல் நண்டு நடக்கலாம், நாரை நடக்கலாம். குளம்பு வைத்தால் பொருக்கு உடைந்துவிடும். கீழே இருப்பது கருஞ்சேறு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் உச்சி சாய்ந்ததும் கடல் ஏறி வந்து அந்தத் திடலை மூடும். அதன் ஓரத்துக்குக்கூடப் பொட்டுவைச் செவலை விட்டதில்லை.

திடலுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், ஒரு மணல்மேடு. அதன் அடியில் ஒரு நல்ல தண்ணீர் ஊற்று இருந்தது. மயிலன் குளம்பால் தோண்டியது. அங்கே போகக் காட்டின் தெற்கு ஓரமாக வெகுதூரம் சுற்றவேண்டும். செவலை தினமும் நடுப்பகலில் தனியாகப் போய்வந்தாள்.

"இந்த வெயில் குட்டிக்கு ஆகாது. நான் குடிச்சாத்தான் இவளுக்குப் பால். பார்த்துக்கங்க," என்பாள்.

வேறெந்தத் தாயும் குட்டியை ஓர் ஆண்குதிரையிடம் விட்டுவிட்டு இரண்டு எட்டு நகரமாட்டாள். செவலை திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். அந்தக் காட்டில் எந்த ஆண்குதிரைக்கும் கிடைக்காத பெருமை அது. மயிலனுக்கு மட்டும் அது பெருமை என்று தெரியவில்லை.

ஒரு பௌர்ணமி அன்று, நடுப்பகல். திடலின் ஓரத்து உகா மரத்தடியில் பொட்டு படுத்துத் தூங்கினாள். மயிலன் அவள்மேல் வெயில் விழாமல் குறுக்கே நின்றான். சற்றுத் தள்ளி ஒரு பாலை மரம். பழம் உதிர்கிற காலம். நரி ஒன்று அதன் கீழே பழம் பொறுக்க வந்தது.

"நரி! நரி! நரி!" என்று கத்திக்கொண்டு ஆள்காட்டிக் குருவி எழும்பியது. தரையில் முட்டையிட்டு அடைகாக்கும் குருவி அது. நரி வந்தாலும் கத்தும், நத்தை வந்தாலும் கத்தும். அதனால் அது கத்தினால் காட்டில் யாரும் தலையைத் தூக்குவதில்லை.

"தெரியுது தாயி, நானே நரிதான்," என்றது நரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "அண்ணி தண்ணிக்குப் போயாச்சா அண்ணே? குட்டி தூங்குதா? தூங்கட்டும், தூங்கட்டும். உங்களை மாதிரி பிள்ளை பார்த்துக்க யாரால முடியும்?"

பாலை மர நிழலில் இரலை ஒன்று நின்றிருந்தது. முறுக்குக் கொம்புக் கறுப்பு மான். அது மூக்கால் சிரித்தது.

"நான் ஒரு செருமல் விட்டா இருபது பெட்டை மான் நிமிரும். எங்களுக்குப் பிள்ளை பார்க்கவெல்லாம் நேரம் ஏது?"

"நீ சும்மா இருப்பா," என்று நரி அதட்டியது. "மயிலன் அண்ணன் யாரு தெரியுமா? இவங்க அப்பா குடுத்த குரல்ல கடலே ஒரு நிமிஷம் நின்னுச்சாம். எங்க பாட்டன் சொல்லுவாரு. அந்த ரத்தம்பா இது."

மயிலனின் காதுகள் முன்னால் வந்தன.

"அப்பாவுக்கு இருந்துச்சு, சரி. இவருக்கு இருக்கா?" என்றது இரலை. "யாராவது கேட்டிருக்கீங்களா?"

"கேட்டதில்லை! கேட்டதில்லை!" என்றது ஆள்காட்டி.

நரி ஒரு பழத்தை மென்று, கொட்டையை மெதுவாகத் துப்பியது. இரலை வேறு பக்கம் மேயப் போனதும் மயிலனின் அருகில் வந்து உட்கார்ந்தது.

"மனசுல வெச்சுக்காதீங்க அண்ணே. அவன் கொம்பு மட்டும் வளர்ந்தவன். ஆனா எனக்கு ஒரு கவலை. சொல்லலாமா?"

"சொல்லு."

"ஆபத்துன்னு ஒண்ணு வருது. அன்னிக்குத்தான் முதல் தடவையா வாயைத் திறக்கறீங்க. குரல் வரலை. அப்ப அண்ணி கதி என்ன? இந்தப் பிஞ்சு கதி என்ன?"

அவனுடைய சொந்தப் பயத்தையே நரி எடுத்து அவன் முன்னால் வைத்திருந்தது.

"ஒரு தடவை குடுத்துப் பார்த்துக்கிட்டா நல்லதில்லையா? அண்ணி இருக்கும்போது வேண்டாம். வராமப் போனா அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது? இப்ப குடுங்க. குட்டி மட்டுந்தானே இருக்கு. வந்தா ஊருக்கே தெரியட்டும். வரலைன்னா நான் வாயைத் திறக்கமாட்டேன்."

"குட்டி பயந்துடும்."

"நாலு எட்டு ஓடும். நீங்க கூப்பிட்டா வந்துடும். குட்டிக்கும் பழக்கமாகுமில்ல?"

"வேண்டாம்! வேண்டாம்!" என்று ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றியது. காலையில் ஓர் ஓணானைப் பார்த்தும் அது அதே குரலில்தான் கத்தியிருந்தது.

மயிலன் பொட்டுவைப் பார்த்தான். அவள் தூக்கத்தில் பால் குடிப்பதுபோல உதடுகளைச் சப்பினாள். அவன் திடலுக்கு அப்பால் மணல்மேட்டைப் பார்த்தான். செவலை அங்கே ஒரு செம்புள்ளியாகத் தெரிந்தாள். பிறகு, எப்போதும் தன் காதுக்குள் இருக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டான்.

"ஒரே ஒரு தடவை," என்றான்.

"ஒரே தடவைதான்," என்றது நரி. "இப்படி, காட்டுப் பக்கமா வந்து நில்லுங்க. மேல்காத்து அடிக்குது பாருங்க. காத்து முதுகுல இருந்தாத்தான் குரல் எடுபடும். எதிர்க்காத்துல குடுத்தா தொண்டையிலேயே நின்னுடும்."

மயிலன் காட்டுப் பக்கமாக வந்து நின்றான். இப்போது அவனுக்கு முன்னால் பொட்டு. பொட்டுவுக்கு முன்னால் வெள்ளைத் திடல். அவன் அதைக் கவனிக்கவில்லை. தன் தொண்டையைத் தவிர வேறெதுவும் அவன் நினைவில் இல்லை.

தலையைத் தாழ்த்தினான். காதுகளை மடக்கினான்.

குரல் வந்தது.

காய்ந்த துணி கிழிபடுவதுபோலத் தொடங்கி, மேட்டிலிருந்து கல் உருளுவதுபோல முடிந்தது. தகப்பனின் குரல், அப்படியே, துளிக் குறையாமல். மேய்ந்துகொண்டிருந்த இரலை எல்லாருக்கும் முன்னால் பாய்ந்து புதருக்குள் மறைந்தது. மரங்களிலிருந்து பறவைகள் கொத்தாக எழும்பின. மயிலனின் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருந்தது! இத்தனை காலமும் இருந்தது! அவன் கண்களை மூடிக்கொண்டான். அந்த ஒரு கணம், வாழ்நாளில் அப்படி ஒரு மகிழ்ச்சியை அவன் அறிந்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது உகா மரத்தடியில் பொட்டு இல்லை.

அவள் சொல்லிக்கொடுத்தபடி செய்தாள். குரல் கேட்டதும் எழுந்தாள். அம்மாவின் வாலைத் தேடினாள். வால் தெரியவில்லை. ஏன் என்று கேட்கக் கூடாது, நிற்கக் கூடாது. ஆகவே நேரே ஓடினாள். நேரே இருந்தது திடல். குட்டியின் எடைக்குப் பொருக்கு சிறிது தூரம் தாங்கியது. நடுவில் தாங்கவில்லை.

"பொட்டு!"

நெஞ்சுவரை சேற்றில் நின்றுகொண்டு, கிழக்கே பார்த்தபடியே அவள் கத்தினாள்.

"அப்பா! நான் திரும்பிப் பார்க்கலை! நேரே ஓடினேன்! சரியா அப்பா?"

மயிலன் திடலுக்குள் பாய்ந்தான். மூன்றாவது அடியில் பொருக்கு உடைந்து, முழங்காலுக்கு மேல் இறங்கினான். அவன் சேற்றை உழப்பும் சத்தம் பொட்டுவின் காதில் விழுந்தது. பின்னால் அப்பா வருகிறார். பின்னால் அப்பா வந்தால் முன்னால் போகவேண்டும். அவள் துள்ளி முன்னால் போகப் பார்த்தாள். ஒவ்வொரு துள்ளலுக்கும் இன்னும் கொஞ்சம் இறங்கினாள்.

"ஓடாதே கண்ணு! திரும்பி வா!"

"திரும்பக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கா!"

அப்போது மணல்மேட்டின் அடிவாரத்தில், திடலின் எதிர் ஓரத்தில், செவலை வந்து நின்றாள். மேல்காற்று அந்தக் குரலை அவளிடம் கொண்டுபோயிருந்தது. குரல் கேட்டால் முன்னால் நிற்கவேண்டியவள் அவள். மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள்.

"என்னங்க! என்ன துரத்துது? தீயா? நாயா?"

மயிலன் வாயைத் திறந்தான். குரல் இருந்தது, சொல்லத்தான் ஒன்றுமில்லை.

"என்ன துரத்துதுங்க?"

"ஒண்ணுமில்லை," என்றான் மயிலன். "ஒண்ணும் துரத்தலை."

செவலை அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் பாலை மரத்தடியில் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்த நரியைப் பார்த்தாள்.

கழிமுகத்தின் பக்கமிருந்து ஒரு சலசலப்பு கேட்டது. கடல் ஏறத் தொடங்கிவிட்டது. மெல்லிய தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு, திடலின் மேல் விரிந்தது.

"தண்ணி! தண்ணி! தண்ணி!" என்று ஆள்காட்டி கத்தியது.

"பின்னால போங்க!" என்றாள் செவலை. "நீங்க நெருங்க நெருங்க அவ உள்ளே போறா. கரைக்குப் போங்க!"

மயிலன் பின்வாங்கினான். குட்டி மூழ்கிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு காலாகப் பிடுங்கி, அவளை விட்டு விலகினான். அவன் அவளுக்குச் செய்யக்கூடிய உதவி அது ஒன்றுதான்.

செவலை தண்ணீரின் ஓரத்தில் முதுகைக் காட்டி நின்றாள். வாலை உயரத் தூக்கினாள்.

"பொட்டு, என் வால் தெரியுதா?"

"தெரியுது! தெரியுது அம்மா! ஏன் இவ்வளவு நேரம்?"

"தண்ணிக்குப் போயிட்டேன்டி. வாலைப் பார்த்து வா. அவசரமில்லை. துள்ளாதே. படுத்துக்கிட்டு, நீச்சல் மாதிரி வா."

"கால் ஏதோ பிடிச்சிருக்கு."

"எந்தக் கால்?"

"பின்னாலே. இடது."

சேற்றுக்குள் செத்துப்போன அலையாத்தி மரத்தின் வேர் ஒன்று கிடந்தது. குட்டியின் கால் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் அவள் தாடையைத் தொட்டது. சேறு இளகியது. செவலை வாலை இறக்கவேயில்லை.

"இழு."

"வலிக்குது!"

"வலிக்கட்டும். இழு, என் தங்கமே. வாலைப் பார். வேறெதையும் பார்க்காதே."

ஏதோ ஒன்று முறிகிற சத்தம் வந்தது. வேரா, காலா என்று கரையிலிருந்த மயிலனுக்குத் தெரியவில்லை. பொட்டு அலறினாள். பிறகு தண்ணீர் அவளைத் தூக்கியது. தலை மூழ்கியும் எழும்பியும், அந்தச் சிவந்த வாலையே பார்த்துக்கொண்டு, அவள் மணலில் போய் விழுந்தாள்.

நரி எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. காத்திருந்த இரை கைக்கு எட்டவில்லை. அதற்காக அது வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை; உலகத்தில் நண்டுகள் இருக்கின்றன.

"குரல் என்னவோ நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே," என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

மயிலன் நரியைத் துரத்தவில்லை. அவன் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். செவலை குட்டியின் முகத்துச் சேற்றை நக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் தண்ணீர் அகன்றுகொண்டே போனது. அவன் தெற்குப் பாதையின் பக்கம் திரும்பி, நாலு எட்டு வைத்தான்.

அவன் குளம்படி கேட்டதும் பொட்டு எழுந்தாள். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, மூன்று காலால், மணலில் விழுந்து எழுந்து ஓடத் தொடங்கினாள். அழைத்து அழைத்துச் செவலை அவளை நிறுத்தவேண்டியிருந்தது.

"நில்லுங்க," என்றாள் செவலை.

மயிலன் நின்றான்.

"நீங்க வந்தா இவ ஓடுவா. ஓடினா இருக்கிற காலும் போயிடும்."

"நான் மெதுவா வரேன். சத்தமே போடாம வரேன்."

"நீங்க மெதுவாத்தான் இருந்தீங்க," என்றாள் அவள். "அதுக்காகத்தானே உங்ககிட்ட வந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"எப்ப வரலாம்?" என்று கேட்டான்.

"இவ பயம் தெளியட்டும். சொல்லி அனுப்பறேன்."

"யார்கிட்ட?"

செவலை மேலே பார்த்தாள். "இந்த ஆள்காட்டிகிட்ட."

பிறகு அவள் முன்னால் நடந்தாள். பொட்டு அவள் வாலைப் பார்த்துக்கொண்டே நொண்டி நொண்டிப் பின்னால் போனாள். மணல்மேட்டின் உச்சியில் இருவரும் ஒரு கணம் தெரிந்தார்கள். பொட்டு திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது.

அதற்குப் பின் மயிலன் அந்த உகா மரத்தடியை விட்டு அதிகம் நகரவில்லை. ஆள்காட்டி கத்தும்போதெல்லாம் தலையைத் தூக்குவான். காட்டில் அதன் கத்தலுக்குத் தலை தூக்கியவன் அவன் ஒருவன்தான்.

"என்ன சேதி?"

"பாம்பு! பாம்பு!"

இன்னொரு நாள் கேட்பான்.

"என்ன சேதி?"

"ஒண்ணுமில்லை. காத்துல ஒரு சருகு."

முதலில் அந்தக் குருவிக்கு இது பெருமையாக இருந்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்து, அவன் காதில் விழாத இடமாகப் போய்க் கத்தப் பழகிக்கொண்டது.

ஒருமுறை காட்டு நாய்கள் வந்தன. இரலைகளும் முயல்களும் சிதறி ஓடின. மயிலன் வாயைத் திறக்கவில்லை. நாய்களின் குறுக்கே போய் நின்று, உதைத்து, கடிபட்டு, விரட்டிவிட்டுத் திரும்பினான். அந்தக் குரலை அவன் மறுபடி கொடுக்கவேயில்லை. காதுக்குள் இருந்த தகப்பனின் சத்தம் இப்போது அவனுடைய சொந்தச் சத்தமாகவே கேட்டது. அதிலிருந்து அவனால் தப்பிக்க முடியவில்லை.

மழை வந்தது. வெள்ளைத் திடல் மறுபடி கழியாயிற்று. தண்ணீர் வற்றி, உப்புப் பூத்து, மீண்டும் மழை வந்தது. செவலையிடமிருந்து சேதி வரவில்லை. அவள் மறந்தாளா, மறுத்தாளா என்பது ஆள்காட்டிக்கும் தெரியாது.

பொட்டு மணல்மேட்டுக்குத் தெற்கே மேய்ந்த வேறு குதிரைகளோடு வளர்ந்து, இரண்டு குட்டிகளுக்குத் தாயானாள்; அவளுடைய இடது பின்கால் கடைசிவரை தரையில் சரியாக ஊன்றவில்லை.

நீதி: உன்னை நம்பி ஓடுகிறவர்களை, உன் பெருமைக்காக ஓடவைக்காதே.